இரண்டு டிஸ்க் உள்ள கணினியா? விண்டோஸ் போடும் முன் ஒரு கேபிளைக் கழற்றுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. வீட்டிலும் கடையிலும் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்புகளுக்குப் புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டு, அதில் விண்டோஸ் 11 ஏற்ற நினைப்பவர்கள் பலர். பழைய 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கை அதற்காகத் தூக்கி எறிய முடியாது. கல்யாண ஃபோட்டோக்கள், பிள்ளைகளின் வீடியோக்கள், கடைக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆகவே பழைய டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், ஓ.எஸ். மட்டும் புதியதில் ஏறட்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

முடிவு சரிதான். ஆனால் ஒரே டிஸ்க் உள்ள கணினியில் விண்டோஸ் போடும்போது எழாத இரண்டு ஆபத்துகள், இரண்டு மூன்று டிஸ்க் உள்ள கணினியில் காத்திருக்கின்றன. முதலாவது, டிஸ்க் மாறிப்போய், டேட்டா உள்ளதை அழித்துவிடுவது. இது அந்த நிமிடமே தெரிந்துவிடும். இரண்டாவது, விண்டோஸ் புதிய டிஸ்க்கில் ஏறியிருக்கும், அதைக் கிளப்பிவிடும் ஃபைல்கள் மட்டும் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்திருக்கும். இது பல மாதம் கழித்து, பழைய டிஸ்க் பழுதாகும் நாளிலோ அதைக் கழற்றும் நாளிலோதான் தெரியவரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஓ.எஸ். ஏறப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற எதுவும் அந்த நேரத்தில் கணினியோடு இணைந்திருக்கக் கூடாது. ஏன், எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எந்த டிஸ்க்கில் ஓ.எஸ்.?

இருப்பதில் வேகமான டிஸ்க் எதுவோ, அதில். தட்டு சுழலும் ஹார்டு டிஸ்க் தோராயமாக விநாடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும். சாட்டா கேபிளில் இணையும் எஸ்.எஸ்.டி. 550 எம்.பி. வரை போகும். மதர்போர்டிலேயே செருகும் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. 3,000 எம்.பி.யைச் சாதாரணமாகத் தாண்டும். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை. ஹார்டு டிஸ்க்கின் முள் ஒவ்வொன்றுக்கும் இடம் தேடி ஓட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அந்த ஓட்டமே கிடையாது. பழைய கணினிக்கு எஸ்.எஸ்.டி. போட்டதும் புதிதுபோல் ஆகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச இடம் 64 ஜி.பி. நடைமுறையில் 240 அல்லது 256 ஜி.பி.க்குக் குறைவாக வாங்க வேண்டாம். ஃபோட்டோ, வீடியோ எடிட்டிங் வேலை இருந்தால் 500 ஜி.பி. நல்லது. ஓ.எஸ்.ஸும் மென்பொருள்களும் எஸ்.எஸ்.டி.யில், சேர்த்து வைக்கும் பெரிய ஃபைல்கள் ஹார்டு டிஸ்க்கில் என்பதே பெரும்பாலோருக்குப் பொருந்தும் பங்கீடு.

வாங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். எம்.2 என்பது செருகும் இடத்தின் வடிவம் மட்டுமே. அதில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அடுத்தது, சில மதர்போர்டுகளில் எம்.2 இடத்தை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் வேலை செய்யாது. புது எஸ்.எஸ்.டி. போட்டதும் பழைய டிஸ்க் காணாமல் போனால் அது கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும், 4 ஜி.பி. ரேமும், மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதல்தான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டினால் பதில் கிடைத்துவிடும்.

கணினி எப்படிக் கிளம்புகிறது?

கேபிளைக் கழற்றச் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள யு.இ.எஃப்.ஐ. என்ற சிறு மென்பொருள். பழக்கத்தில் நாம் அதை இன்னும் பயாஸ் என்றே சொல்கிறோம். எந்த டிஸ்க்கில், எந்த ஃபைலை எடுத்து ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு அதன் நினைவகத்தில் இருக்கும். அந்த ஃபைல் இருக்கும் இடத்துக்கு இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் என்று பெயர். அங்கிருக்கும் பூட் ஃபைல்தான் விண்டோஸை எழுப்புகிறது.

காலியான டிஸ்க்கில் விண்டோஸ் 11 நிறுவினால், அது பல துண்டுகளாகப் பிரிக்கப்படும். சுமார் 100 எம்.பி.யில் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன், 16 எம்.பி.யில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் ஒரு துண்டு, மிச்சமெல்லாம் சி டிரைவ், கடைசியில் பழுது பார்ப்பதற்கான ரிகவரி பார்ட்டிஷன். சி டிரைவ் மட்டும்தான் நம் கண்ணில் படும். மற்றவற்றுக்கு டிரைவ் எழுத்து கிடையாது என்பதால், அவை எங்கே இருக்கின்றன என்று யாரும் யோசிப்பதில்லை.

இப்போது பழைய டிஸ்க்கும் இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பழைய விண்டோஸின் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் ஏற்கெனவே இருக்கிறது. நிறுவும் மென்பொருள் அதைக் கண்டுவிட்டால், புதிய டிஸ்க்கில் இன்னொன்றை உருவாக்காமல், பெரும்பாலும் பழையதிலேயே தன் பூட் ஃபைல்களை எழுதிவிடுகிறது. வீடு புதுத் தெருவில், சாவி பழைய வீட்டு ஆணியில் என்ற நிலை. கணினி நன்றாகவே ஓடும், ஒரு குறையும் தெரியாது. பழைய டிஸ்க்கைக் கழற்றினாலோ, அது பழுதானாலோ, காலி டிஸ்க்தானே என்று முழுவதுமாக அழித்தாலோ, மறுநாள் காலை கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்து நிற்கும். சி டிரைவில் விண்டோஸ் அப்படியே இருக்கும். எழுப்பத்தான் ஆள் இருக்காது.

நிறுவும் நேரத்தில் பழைய டிஸ்க் இணைப்பில் இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்லாத் துண்டுகளும் புதிய டிஸ்க்கில்தான் ஏறியாக வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

முதல் வேலை, முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுப்பது. இதை மட்டும் எந்த அவசரத்திலும் தாண்டாதீர்கள். டி டிரைவில் இருப்பதைத்தான் எல்லோரும் நினைவாக எடுக்கிறார்கள். சி டிரைவுக்குள் ஒளிந்திருப்பவை விட்டுப்போகின்றன. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவில்தான் இருக்கின்றன. கடைக்காரர்கள் டேலி டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று டேலியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சக வேலையும் டி.டி.பி.யும் செய்பவர்கள், பல வருடம் சேர்த்த பழைய தமிழ் ஃபான்ட்டுகளை மறக்க வேண்டாம். யூனிகோடுக்கு முந்தைய அந்த ஃபான்ட்டுகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். அவை இல்லாவிட்டால் பழைய பேஜ்மேக்கர் ஃபைல்கள் திறந்தாலும் எழுத்து வராது.

இரண்டாவது, பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் கைவைத்த பிறகோ வேறு விண்டோஸிலிருந்து திறக்கும்போதோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முன்பே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் அந்த டேட்டாவை யாராலும் மீட்க முடியாது. நான் பூட்டவே இல்லையே என்று இருந்துவிடவும் வேண்டாம். புதிய கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே விண்டோஸ் தானாகப் பூட்டிவிடுவது உண்டு.

மூன்றாவது, ஒவ்வொரு டிஸ்க்கின் பிராண்டு, மாடல், அளவு ஆகியவற்றை எழுதிக்கொள்வது. ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தால் எந்த டிஸ்க்கில் எத்தனை பார்ட்டிஷன், எவ்வளவு அளவு என்று வரிசையாகத் தெரியும். அந்தத் திரையை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் கைகொடுக்கும்.

நான்காவது, பென் டிரைவ். 8 ஜி.பி.யோ அதற்கு மேலோ உள்ள ஒன்றில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து கிடைக்கும் 'மீடியா கிரியேஷன் டூல்' மூலம் விண்டோஸை ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆகவே காலியானதை எடுங்கள்.

லைசென்ஸ் பற்றிய கவலை வேண்டாம். ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆன கணினி என்றால், அந்த உரிமை பெரும்பாலும் மதர்போர்டோடு இணைந்தது. டிஸ்க் மாறினாலும் போகாது. நிறுவும்போது சாவி கேட்டால் 'ஐ டோன்ட் ஹாவ் எ பிராடக்ட் கீ' என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பிருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோமையே, நிறுவுங்கள்.

கேபிளைக் கழற்றும் விதம்

விண்டோஸில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். சாதாரண ஷட்டவுனில், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியால் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் கிடக்கும். ஷிஃப்ட்டோடு கொடுத்தால்தான் முழுதாக அணையும். பிறகு சுவரில் ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளை உருவிவிட்டு, கணினியின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வெளியேறிவிடும். பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைத் திறங்கள்.

ஹார்டு டிஸ்க்கின் பின்புறம் இரண்டு கேபிள்கள் தெரியும். அகலமானது பவர் சப்ளையிலிருந்து வருகிறது. ஒல்லியாகத் தட்டையாக இருப்பது டேட்டா கேபிள், அதன் மறுமுனை மதர்போர்டில் இருக்கும். டேட்டா கேபிளைக் கழற்றினாலே போதும், கணினிக்கு அந்த டிஸ்க் தெரியாது. பல கேபிள்களின் தலையில் சிறிய உலோக நாக்கு இருக்கும். அதை விரலால் அழுத்திக்கொண்டு நேராக இழுங்கள். மேலும் கீழுமாக ஆட்டி இழுத்தால் டிஸ்க்கில் உள்ள பிளாஸ்டிக் முனை உடைந்துவிடும். இரண்டு மூன்று டிஸ்க் இருந்தால், எது எந்த போர்ட்டில் இருந்தது என்று கேபிளில் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள். வெளி ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு, வேறு பென் டிரைவ் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள்.

பழையதும் எம்.2 வகை என்றால், ஒரே ஒரு சிறு ஸ்க்ரூவைக் கழற்றினால் அது சாய்வாக எழும்பும், அப்படியே மெல்ல உருவி எடுக்கலாம். லேப்டாப்பைத் திறக்கத் தயக்கமாக இருந்தால் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். சிலவற்றில் குறிப்பிட்ட சாட்டா போர்ட்டையோ எம்.2 இடத்தையோ 'டிஸேபிள்' செய்யும் வசதி இருக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப 'எனேபிள்' செய்ய வேண்டும்.

நிறுவும் நேரம்

பென் டிரைவைச் செருகி, கணினியைப் போட்டதும் பூட் மெனு கீயைத் தொடர்ந்து தட்டுங்கள். டெல், லெனோவோவில் எஃப் 12. எச்.பி.யில் எஃப் 9. ஆசுஸ் மதர்போர்டுகளில் எஃப் 8. எம்.எஸ்.ஐ.யில் எஃப் 11. மாடலுக்கு மாடல் சற்று மாறலாம். வரும் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், பெயருக்கு முன் யு.இ.எஃப்.ஐ. என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். மற்றது பழைய பயாஸ் முறை.

இந்தத் தேர்வு ஏன் முக்கியம் என்றால், டிஸ்க்கைப் பிரித்து எழுதும் முறையும் இரண்டு. எம்.பி.ஆர். என்பது 1983-இல் டாஸ் காலத்தில் வந்தது. அதில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்தான் போட முடியும். 2 டி.பி.க்கு மேல் உள்ள இடத்தை அதனால் ஆள முடியாது. அடுத்து வந்த ஜி.பி.டி.யில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன் வரை அனுமதிக்கிறது. அதன் பட்டியல் டிஸ்க்கின் தொடக்கத்திலும் முடிவிலுமாக இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது. யு.இ.எஃப்.ஐ. முறையில் கிளம்பும் விண்டோஸுக்கு ஜி.பி.டி. கட்டாயம். முறை மாறிவிட்டால், இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது என்ற செய்தி வரும்.

மொழி, பதிப்பு முதலிய திரைகளைக் கடந்தால், விண்டோஸை எங்கே நிறுவுவது என்று கேட்கும் பட்டியல் வரும். மற்ற டிஸ்க்குகளைக் கழற்றியிருந்தால், புது 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 'டிஸ்க் 0 அன்அலொகேட்டட் ஸ்பேஸ் 465.8 ஜி.பி.' என்று ஒரே வரியாகத் தெரியும். குறைகிறதே என்று திகைக்க வேண்டாம். தயாரிப்பாளர் 1 ஜி.பி.யை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை 1 ஜி.பி. என்கிறது. அதனால் 1 டி.பி. டிஸ்க் 931 ஜி.பி.யாகவும், 240 ஜி.பி. டிஸ்க் 223 ஜி.பி.யாகவும் தெரிகின்றன. டிஸ்க்கை அளவு வைத்து அடையாளம் காண இந்த எண்கள் உதவும்.

அந்த ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' அழுத்துங்கள். பார்ட்டிஷன்களை நீங்களே உருவாக்க வேண்டியதில்லை, விண்டோஸ் தேவையானபடி பிரித்துக்கொள்ளும். முன்பு பயன்படுத்திய எஸ்.எஸ்.டி.யில் பழைய பார்ட்டிஷன்கள் இருந்தால், அதில் வேண்டியது எதுவுமில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒவ்வொன்றாக 'டெலீட்' செய்து முழுதும் காலியாக்கிவிடுங்கள். எம்.பி.ஆர். டிஸ்க்காக இருந்தாலும், முழுக்கக் காலியாக்கிவிட்டால், யு.இ.எஃப்.ஐ. முறையில் கிளம்பிய செட்டப் அதை ஜி.பி.டி.யாக மாற்றிக்கொள்ளும்.

எந்தக் காரணத்தாலோ எல்லா டிஸ்க்கும் இணைந்த நிலையில்தான் நிறுவ வேண்டும் என்றால், இந்தத் திரையில் நிதானம் தேவை. டிஸ்க் 0 என்றால் புதியது, டிஸ்க் 1 என்றால் பழையது என்று எந்த விதியும் கிடையாது. அந்த எண் கணினி கண்டுபிடித்த வரிசை மட்டுமே. சி, டி என்ற எழுத்துகளையும் நம்பக் கூடாது. அவை ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் கொடுப்பவை, இங்கே மாறியிருக்கலாம். இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு என்றால், ஷிஃப்ட்டோடு எஃப் 10 அழுத்தினால் வரும் கறுப்பு ஜன்னலில் டிஸ்க்பார்ட் கட்டளையை ஓட்டி, ஒவ்வொரு டிஸ்க்கின் மாடல் பெயரைப் பார்க்கலாம். எழுதி வைத்த மாடல் பெயரோடு அது பொருந்திய பிறகே அடுத்த அடி. டெலீட், ஃபார்மட் இரண்டும் இந்தத் திரையில் உடனே நடந்துவிடும். திரும்பப் பெறும் பட்டன் கிடையாது.

பட்டியலில் டிஸ்க்கே வரவில்லையா? இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்புகளில் வி.எம்.டி. என்ற அமைப்பு இயங்குகிறது. அதற்கான டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி பென் டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' மூலம் கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மீண்டும் தொடக்கத் திரையே வந்தால், கணினி பென் டிரைவிலிருந்து திரும்பக் கிளம்பியிருக்கிறது என்று பொருள். பென் டிரைவை உருவிவிட்டு மறுபடி கிளப்புங்கள்.

பழைய டிஸ்க்கை மீண்டும் இணைத்தல்

புதிய விண்டோஸ் ஓடத் தொடங்கி, அப்டேட்டுகளும் ஏறிய பிறகு, முழுதாக அணைத்துவிட்டுப் பழைய டிஸ்க்கை இணையுங்கள். போட்டதும் முதலில் பயாஸுக்குள் போய், பூட் வரிசையில் புதிய எஸ்.எஸ்.டி.யின் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிஸ்க்கிலும் ஒரு விண்டோஸ் இருப்பதால் அதே பெயர் இரண்டு முறை தெரியலாம். பக்கத்தில் உள்ள டிஸ்க் பெயரை வைத்துப் பிரித்தறியலாம்.

உள்ளே வந்ததும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். சி டிரைவ் இருக்கும் அதே வரிசையில் 'இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன்' என்ற சிறு கட்டமும் இருக்க வேண்டும். இருந்தால் நிறுவல் சரியாக முடிந்திருக்கிறது.

பழைய டிஸ்க்கைத் தொடும்போது 'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்றோ 'இனிஷியலைஸ்' என்றோ விண்டோஸ் கேட்டால், ஒருபோதும் ஓகே கொடுக்காதீர்கள். கேன்சல் செய்துவிட்டு, கேபிள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய யூசர் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் 'கன்டினியூ' கொடுக்கலாம், அது ஃபைலை அழிக்காது. டிரைவ் எழுத்து மாறியிருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே பழையபடி மாற்றிக்கொள்ளலாம். பழைய விண்டோஸ் ஃபோல்டரை உடனே அழிக்க வேண்டாம். சில வாரம் வேலை செய்து பார்த்து, எதுவும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகு அழியுங்கள்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்ற, அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'லொகேஷன்' என்று போனால் வழி இருக்கிறது. எஸ்.எஸ்.டி. நிரம்பாமல் இருக்கும். அடுத்த முறை ஓ.எஸ். போடும்போது நகலெடுக்கும் வேலையும் குறையும்.

ஏற்கெனவே மாறி ஏறிவிட்டதா?

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவ் ஒரு டிஸ்க்கிலும், இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் இன்னொன்றிலும் மட்டும் இருந்தால் உங்கள் கணினி அந்த நிலையில் இருக்கிறது. மறுபடி முழுதாக நிறுவ வேண்டியதில்லை. சி டிரைவைச் சில நூறு எம்.பி. சுருக்கி, அந்த இடத்தில் புதிய இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் உருவாக்கி, விண்டோஸோடு வரும் பி.சி.டி.பூட் கட்டளையால் பூட் ஃபைல்களை அங்கே எழுதிவிடலாம். கட்டளைகளில் பழக்கம் உள்ளவருக்கு எளிய வேலை. பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். செய்து முடிக்கும் வரை பழைய டிஸ்க்கைக் கழற்றவோ அழிக்கவோ கூடாது.

இன்னொரு டிஸ்க்கில் லினக்ஸ்

விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிக்கு லினக்ஸ் நல்ல மாற்று. இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்றில் விண்டோஸ், மற்றதில் உபுண்டு என்று வைத்துக்கொள்வது, ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரிப்பதைவிடப் பாதுகாப்பானது. ஒன்று பழுதானாலும் மற்றது நிற்கும். இங்கேயும் விதி அதேதான்: விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லினக்ஸை நிறுவுங்கள். இல்லையென்றால் லினக்ஸின் பூட் ஃபைல்களும் விண்டோஸ் டிஸ்க்கில் போய் உட்கார வாய்ப்புண்டு. பிறகு இரண்டையும் இணைத்து, எது வேண்டுமோ அதைப் பூட் மெனு கீயில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகள் கிடையாது. சாட்டா டிஸ்க்குகள் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்றும், என்.வி.எம்.இ. டிஸ்க்குகள் வேறு நீண்ட பெயரிலும் தெரியும். இந்த வரிசையும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மாறக்கூடும். எனவே அளவையும் மாடலையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துபவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். பாதித் தூக்கத்தில் விட்ட டிஸ்க்கில் லினக்ஸ் எழுத மறுக்கும். கடிகாரமும் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போகலாம். மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வித்தியாசம் ஐந்தரை மணி. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தையே எழுதச் சொல்லி அமைத்துவிட்டால் சரியாகிவிடும்.

கடைசியாக ஒரு வார்த்தை

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பதே பேக்கப் ஆகிவிடாது. மின்சாரம் எகிறினாலோ, வைரஸ் புகுந்தாலோ, திருட்டுப் போனாலோ இரண்டும் சேர்ந்தே போகும். முக்கியமானவற்றின் ஒரு நகலாவது கணினிக்கு வெளியே இருக்கட்டும்.

வேலையை நீங்களே செய்யாமல் சர்வீஸ் கடையில் கொடுக்கிறீர்கள் என்றால், டேட்டா உள்ள டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, எஸ்.எஸ்.டி. மட்டும் உள்ள கணினியைக் கொடுங்கள். கழற்றத் தெரியாவிட்டால், உங்கள் கண் முன்னால் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஓ.எஸ்.ஸை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். அழிந்த ஃபோட்டோவைத் திரும்ப எடுக்க முடியாது.